குகையும் குருத்துவமும்: இறைத்திருவுளத்தைத் தேர்ந்து தெளிதல் குறித்த ஓர் ஆய்வுரை

புனிதம் என்றால் குறையே இல்லாத நிலை என்று பொதுவாக எண்ணப்பட்டாலும், விவிலியம் அதைக் காணும் விதம் வேறு. பழைய ஏற்பாட்டில் இறைவனுக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்டவை யாவும் புனிதமானவை. ஒரு பாத்திரமும் ஒரு நாளும்கூட அவ்வகையில் புனிதமாகும். புதிய ஏற்பாட்டிலோ, கட்சி கட்டிக்கொண்டும் ஒருவர் மேல் ஒருவர் வழக்குத் தொடுத்துக்கொண்டும் இருந்த கொரிந்து நகரத்துச் சபையாரையே தூயோராக அழைக்கப்பட்டவர்கள் என்று விளித்துத் தூய பவுல் தம் கடிதத்தைத் தொடங்குகிறார். ஆகவே புனிதம் என்பது முதலில் இறைவனுக்கு உரிமையாதல். அவ்வுரிமை நாள்தோறும் ஒருவரது பேச்சிலும் செயலிலும் அன்பாக வெளிப்படத் தொடங்குவதே புனிதத்தில் வளர்தல். இவ்வளர்ச்சி துறவியருக்கும் குருக்களுக்கும் மட்டும் உரியதன்று, திருமுழுக்குப் பெற்ற அனைவருக்கும் உரியது என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 நவம்பர் 21 அன்று வெளியிட்ட திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கத்தின் ஐந்தாம் இயல் ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது.

இவ்வளர்ச்சியோடு பிரிக்க முடியாதபடி இணைந்து நிற்கும் கேள்வி இறைத்திருவுளம் பற்றியது. சீர்திருத்தச் சபையார் தேவ சித்தம் என்றும் கத்தோலிக்கர் இறைத்திருவுளம் என்றும் குறிக்கும் இது இரு தளங்களில் இயங்குகிறது. கொலை செய்யாதிருத்தல், பொய்ச்சான்று சொல்லாதிருத்தல், ஏழைக்கு இரங்குதல் போன்றவை எல்லாருக்கும் எப்போதும் பொதுவாக வெளிப்படுத்தப்பட்ட திருவுளம். அதை அறிவதில் சிக்கல் இல்லை, செய்வதில்தான் சிக்கல். இரண்டாவது தளம், குறிப்பிட்ட ஒருவர் குறிப்பிட்ட சூழலில், இரண்டுமே நல்லவையாகத் தோன்றும் வழிகளுள் எதைக் கொள்வது என்பது. இங்கேதான் தேர்ந்து தெளிதல் என்று கத்தோலிக்க ஆன்மிக நூல்கள் பெயரிடும் பயிற்சி தேவைப்படுகிறது. மனத்தில் எழும் தூண்டுதல்கள் இறைவனிடமிருந்து வருகின்றனவா, தன் அச்சத்திலிருந்தும் ஆசையிலிருந்தும் வருகின்றனவா, தீமையின் வஞ்சகத்திலிருந்து வருகின்றனவா என்று பொறுமையாக வேறுபடுத்தி அறிவதே அது.

பொறுமைக்கு மாற்றாகக் குறுக்குவழி தேடும் வழக்கம் எல்லாச் சமயங்களிலும் உண்டு. கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பவரும், புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையைக் கொண்டு அவ்வாண்டின் திருமணத்தையும் வேலையையும் முடிவு செய்பவரும் அடிப்படையில் ஒரே செயலையே செய்கின்றனர். கிதியோன் கம்பளியைக் களத்தில் விரித்து அடையாளம் கேட்டதையும், யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் திருத்தூதர்கள் சீட்டுப் போட்டுத் தேர்ந்ததையும் இதற்கு ஆதாரமாகக் காட்டுவோர், அச்சீட்டுப் போடுதல் பெந்தக்கோஸ்து நாளுக்கு முன் நிகழ்ந்தது என்பதையும், தூய ஆவி இறங்கிய பின் திருத்தூதர் பணிகள் நூலில் அம்முறை மீண்டும் தலைகாட்டவே இல்லை என்பதையும் கவனிப்பதில்லை. விருத்தசேதனம் பற்றிய பெருஞ்சிக்கல் எழுந்தபோது எருசலேமில் கூடியவர்கள் நீண்ட நேரம் விவாதித்தார்கள், அனுபவங்களைக் கேட்டார்கள், மறைநூலோடு ஒப்பிட்டார்கள். அதன் பின்பே தூய ஆவியாரும் தாங்களும் தீர்மானித்ததாக எழுதினார்கள்.

தனியாக இருந்துகொண்டு தன் தீர்ப்பை மட்டும் நம்புவது எவ்வளவு ஆபத்தானது என்பதைப் பாலைநிலத் துறவியரின் மரபு வெகு காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தது. எகிப்தியத் துறவியரிடம் கேட்டவற்றை 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலத்தீனில் எழுதிவைத்த யோவான் கசியான், தம் உரையாடல்களுள் இரண்டாவதை முழுக்கவும் பகுத்துணரும் ஆற்றலுக்கே ஒதுக்கினார். ஐம்பது ஆண்டுகள் கடுந்தவம் இருந்த ஏரோன் என்னும் முதியவர், உயிர்ப்புப் பெருவிழா நாளில்கூட மற்றவரோடு அமர்ந்து உண்ண மறுத்துத் தனித்தே இருந்து, இறுதியில் வானதூதர் வடிவில் வந்த வஞ்சகத்தை நம்பி, தம் புண்ணியத்தால் தீங்கு வராது என்று ஆழ்கிணற்றில் குதித்து மாண்ட கதை அதில் வருகிறது. நோன்பிலோ செபத்திலோ அவருக்குக் குறை இருந்ததாகக் கசியான் சொல்லவில்லை. தம் உள்ளத்தைப் பிறர் பார்வைக்குத் திறந்து வைக்காததே குறை.

இம்மரபை முறைப்படுத்தியவர் லொயோலா இஞ்ஞாசியார். 1521இல் பம்பலோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டால் கால் சிதைந்து படுக்கையில் கிடந்தபோது, வீரப் புகழும் ஓர் உயர்குலப் பெண்ணின் அன்பும் பற்றிய கற்பனைகளும், புனிதர்களைப் போல் வாழும் கற்பனைகளும் அவருக்கு மாறி மாறி எழுந்தன. இரண்டும் எழும்போது இனித்தன. ஆனால் முதலாவது அகன்றபின் உள்ளம் வறண்டது, இரண்டாவது அகன்ற பின்னும் மகிழ்ச்சி நீடித்தது. எண்ணத்தின் இனிமையை விட்டு அது விட்டுச்செல்லும் பின்விளைவைக் கவனித்த இந்தச் சிறு நுட்பத்திலிருந்தே, 1548இல் அச்சேறிய அவரது ஆன்மிகப் பயிற்சிகள் நூலின் விதிகள் வளர்ந்தன. நம்பிக்கையும் அன்பும் பெருகும் நிலையை ஆன்ம ஆறுதல் என்றும், இருளும் அலைக்கழிப்பும் மேலோங்கும் நிலையை ஆன்ம வறட்சி என்றும் வகுத்த அவர், வறட்சிக் காலத்தில் முன்பு செய்த தீர்மானத்தை மாற்றவே கூடாது என்றும், தீமை எப்போதும் மறைவையே விரும்புவதால் உள்ளத்தில் நிகழ்வதை அறிவுள்ள ஆன்ம வழிகாட்டியிடம் சொல்லிவிட வேண்டும் என்றும் விதித்தார். இவற்றினும் குறைவாகப் பேசப்படும் மற்றொரு விதி இவ்வுரைக்கு மையமானது. திருமணம், குருத்துவம் போல ஒருமுறை ஏற்றபின் திரும்பப் பெற முடியாதவை மீண்டும் தேர்வுக்கு உரியவை அல்ல என்பது அவ்விதி. அத்தேர்வு முறையாக நடந்திராவிட்டாலும்கூட, இனிக் கேட்க வேண்டியது அதை விடலாமா என்பதன்று, அதற்குள் எப்படி நன்கு வாழ்வது என்பதே என்கிறார் இஞ்ஞாசியார்.

இவ்விதி எவ்வளவு கடினமாகச் சோதிக்கப்பட முடியும் என்பதற்குத் திருவண்ணாமலையே சான்று தருகிறது. அண்ணாமலையார் கோயிலுக்குப் பின்னே 2,668 அடி உயர்ந்து நிற்கும் அருணாசல மலையில், 1950களின் முற்பகுதியில், காவியுடுத்த ஒரு கத்தோலிக்கக் குருவானவர் பிச்சையேற்று உண்டு குகைகளில் வாழ்ந்தார். மலையை இறைவனாகவே வணங்கும் ஒரு தலத்தில், அம்மலையின் மடியில், அக்கால விதிப்படி இலத்தீன் மொழியில் அவர் தனியே திருப்பலி நிறைவேற்றினார். பிரான்சு நாட்டவரான அவரது இயற்பெயர் ஆன்ரி லெ சோ. அவர் அறியப்பட்ட பெயர் சுவாமி அபிஷிக்தானந்தர்.

1910 ஆகஸ்ட் 30 அன்று பிரித்தானிக் கடற்கரையிலுள்ள சேன் பிரியாக் என்னும் ஊரில் பிறந்த அவர், 1929இல் கெர்கோனான் மடத்தில் சேர்ந்து பெனடிக்ட் சபைத் துறவியானார். 1935இல் குருத்துவம் பெற்றார். தமிழ்க் கத்தோலிக்கர் முற்காலத்தில் ஆசீர்வாதப்பர் என்று வழங்கிய புனித பெனடிக்டின் ஒழுங்குநூல், தன் துறவியரிடம் நிலைபேறு என்னும் வாக்குறுதியைக் கேட்கிறது. சேர்ந்த மடத்திலேயே சாகும்வரை நிலைத்திருப்பதே அதன் பொருள். இந்தியா செல்ல வேண்டும் என்னும் ஆவல் 1934ஆம் ஆண்டளவிலேயே அவர் உள்ளத்தில் எழுந்துவிட்டது. அவரோ உடனே புறப்படவில்லை. மடத் தலைவரின் இசைவுக்குக் காத்திருந்தார். நூலகராகவும் வழிபாட்டு ஒழுங்காளராகவும் தமக்குத் தரப்பட்ட வேலையைச் செய்தார். போர் வந்தபோது படையில் பணியாற்றிப் பிடிபட்டுத் தப்பி மீண்டும் மடத்துக்கே வந்தார். போர் முடிந்த பின்பே கடிதம் எழுத இசைவு கிடைத்தது. 1947இல் திருச்சிராப்பள்ளி ஆயர் மெண்டோன்சாவுக்கு அவர் பிரெஞ்சு மொழியில் எழுதிய கடிதம், அம்மொழி அறிந்த குளித்தலைப் பங்குக்குரு ஜூல் மோன்ஷானினிடம் மறுமொழிக்காகத் தரப்பட்டது. அதே வேட்கையோடு 1939 முதல் தமிழகத்தில் தனித்துக் காத்திருந்தவர் அவர். 1948 ஆகஸ்ட் 15 அன்று, மரியாளின் விண்ணேற்புப் பெருவிழா நாளில், லெ சோ கொழும்பில் கரையிறங்கினார்.

ஆவல் எழுந்ததற்கும் கரையிறங்கியதற்கும் இடையில் ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. தேர்ந்து தெளிதலைக் கற்பிக்கும் நூல்கள் இப்பகுதியைக் கடந்துவிட்டு, நாடகத்தன்மை மிக்க குகை வாழ்க்கைக்கே விரைகின்றன. உண்மையில் பாடம் செறிந்து கிடப்பது இக்காத்திருப்பில்தான். தன்னலத்தால் எழுந்த ஆசைக்கும் இறைவன் தூண்டிய ஆவலுக்கும் உள்ள வேறுபாட்டை உடனடியாக எடைபோட எந்தக் கருவியும் இல்லை. தள்ளிப்போடும்போது முன்னது கசப்பாகவோ வேறோர் ஆசையாகவோ உருமாறிவிடும். பின்னது, அன்றாடக் கடமையைக் கெடுக்காமல், மறுத்தவர் மீது வெறுப்பையும் வளர்க்காமல், அடங்கியிருந்து மீண்டும் எழும். மேலதிகாரியின் மறுப்பு எப்போதும் இறைவனின் மறுப்பு ஆகாது என்பது உண்மையே. அம்மறுப்பை ஒருவர் தாங்கும் விதத்தில் அவரது ஆவலின் ஊற்று எது என்பது தெரியவந்துவிடும் என்பதும் அதே அளவு உண்மை.

1949 சனவரியில் மோன்ஷானின் அவரைத் திருவண்ணாமலைக்கு அழைத்து வந்தார். 1896 செப்டம்பர் 1 அன்று பதினாறு வயதுச் சிறுவனாக வந்து அதன்பின் மலையை விட்டு நீங்காத ரமண மகரிஷி அப்போது ஆசிரமக் கூடத்தில் தரிசனம் தந்துகொண்டிருந்தார். பெரும் எதிர்பார்ப்போடு வந்த லெ சோவுக்கு முதல் நாள் ஏமாற்றமே மிஞ்சியது. எதிரே அமர்ந்திருந்த முதியவரிடம் ஒளிவட்டம் எதையும் அவர் காணவில்லை. முன்கூட்டியே வகுத்துக்கொண்ட கருத்துகளின் சுமையோடு வந்திருப்பதே தடை என்று ஆசிரமத்தில் தங்கியிருந்த ஆங்கிலப் பெண்மணி ஒருவர் அவரிடம் வெளிப்படையாகச் சொன்னதை அவரே பிற்காலத்தில் பதிவு செய்துள்ளார். பிறகு காய்ச்சல் வந்தது. அறிவு தளர்ந்த அந்நிலையில், வேத பாராயணமும் மகரிஷியின் மௌனமும் அவருக்குள் இறங்கத் தொடங்கின. கனவுகளில், புதிய அனுபவத்தைப் பழைய கருத்துச் சட்டங்களுக்குள் அடக்க முயன்று முயன்று தோற்றதாக அவர் எழுதுகிறார். அதே ஆண்டு ஆகஸ்டில் மீண்டும் வந்தபோது மகரிஷி நோயுற்றிருந்தார். 1950 ஏப்ரல் 14 அன்று அவர் மறைந்தார். அதற்குச் சில வாரங்கள் முன்பு, மார்ச் 21 அன்று, குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரை மாந்தோப்பில் மோன்ஷானினும் லெ சோவும் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கியிருந்தார்கள். சாந்திவனம் என்று அழைக்கப்பட்ட அவ்விடத்தில் முன்னவர் பரம அரூபி ஆனந்தம் என்னும் பெயரையும், பின்னவர் அபிஷிக்தேசுவரானந்தர் என்னும் பெயரையும் ஏற்றார்கள். நீண்ட பெயர் சுருங்கி அபிஷிக்தானந்தர் ஆயிற்று.

மகரிஷி இல்லாத மலை தம்மை அழைப்பதாக உணர்ந்து, 1952இல் அவர் முதன்முறையாகக் குகையில் தங்கினார். அடுத்த மூன்று ஆண்டுகளில் பலமுறை, சில வேளை மாதக்கணக்கில், அங்கே தனித்திருந்தார். உள்ளத்தின் ஆழத்தில் இறங்கும்போது தான் என்றும் இறைவன் என்றும் இரண்டு எஞ்சுவதில்லை என்று அத்வைதம் கூறுவதை அவர் படித்தறிந்த கருத்தாக அன்றி, தம்மைப் பற்றிக்கொண்ட அனுபவமாக அங்கே எதிர்கொண்டார். கிறித்தவ இறைவேண்டலின் உயிரோ உறவு. தந்தையை நோக்கி மகன் அழைக்கும் அழைப்பு அது. இரண்டின்மையே இறுதி உண்மையானால் யார் யாரை அழைப்பது, அப்பத்தைக் கையிலேந்தித் திருப்பலி ஒப்புக்கொடுப்பதில் நேர்மை இருக்கிறதா, திருச்சபையில் தொடர்வது தன்னையே ஏமாற்றுவதாகுமா, அன்றி மலையின் அழைப்பைப் பின்பற்றுவது கிறிஸ்துவைக் காட்டிக்கொடுப்பதாகுமா என்னும் கேள்விகள் அவரது நாட்குறிப்பில் ஆண்டுக்கணக்காகத் திரும்பத் திரும்ப வருகின்றன. அவரது மறைவுக்குப் பின் 1986இல் பிரெஞ்சில் வெளியான அந்நாட்குறிப்பு ஆறுதல் தரும் நூலன்று. சில பக்கங்களில் பேரானந்தமும், சில நாள்களிலேயே இருளும் அச்சமும் மாறி மாறி வருவதைக் காணும் வாசகர், இஞ்ஞாசியார் விவரித்த இரு நிலைகளையும் அவற்றின் முழு வேகத்தில் அங்கே காண்கிறார்.

அதே சாந்திவனத்தில் அதே இரு குடில்களில் வாழ்ந்த மோன்ஷானின் இதற்கு நேர் எதிரான முடிவை அடைந்தார் என்பது இவ்வரலாற்றின் மிகக் கூரிய பகுதி. 1895இல் பிறந்து, சிறந்த இறையியல் அறிவாளர் என்று பெயர் பெற்று, முனைவர் படிப்பை இடையில் நிறுத்திவிட்டுச் சுரங்கத் தொழிலாளர் வாழும் பங்கு ஒன்றுக்குப் பணியாற்றச் சென்றவர் அவர். திருவண்ணாமலையின் ஈர்ப்பை அறியாதவர் அல்லர். லெ சோவை மகரிஷியிடம் அழைத்துச் சென்றவரே அவர்தாம். ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல, மூவொரு இறைவனுக்குள் உள்ள உறவின் மறைபொருளும் அத்வைதத்தின் இரண்டின்மையும் ஒரே பாதையின் இரு பெயர்கள் அல்ல என்னும் உறுதி அவருக்குள் வலுத்தது. தம் தோழர் மலையில் கரைந்துவிடுவாரோ என்னும் அச்சமும் வளர்ந்தது. இருவருக்கும் இடையே வருத்தமும் இடைவெளியும் உண்டானது மறைக்கத்தக்கதன்று. ஒருவர் ஆசிரமத்தை வளர்க்க விரும்பினார், மற்றவரின் உள்ளம் ஆசிரமத்தை விட்டு மலைக்கே ஓடியது. 1957 அக்டோபர் 10 அன்று பாரிசில் மோன்ஷானின் காலமானபோது சாந்திவனத்துக்கு நிலையான சீடர் குழு என்று சொல்லத்தக்க எதுவும் அமையவில்லை.

ஒரே இறைவனை, ஒரே மரபில், ஒரே தோப்பில் தேடிய இருவர் வெவ்வேறு தெளிவுகளுக்கு வந்தால், ஒருவர் தவறினார் என்றுதானே கொள்ள வேண்டும் என்று கேட்கலாம். கோட்பாட்டின் தளத்தில் அக்கேள்வி நியாயமானது. அங்கே மோன்ஷானினின் எச்சரிக்கைக்கு எடை அதிகம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் தேர்ந்து தெளிதல் கோட்பாட்டுத் தேர்வன்று. பிறர் வழி எது என்பதை அது தீர்ப்பதில்லை. இன்னார் இப்போது எதற்கு உண்மையாயிருக்க வேண்டும் என்பதை மட்டுமே அது தேடுகிறது. மோன்ஷானினின் தெளிவு அவரைத் தோல்வியென்று தோன்றிய ஆசிரமத்திலேயே காத்திருக்கச் செய்தது. லெ சோவின் தெளிவு எது என்பதைக் காண, அவர் எழுதியவற்றைவிட அவர் செய்தவற்றைப் பார்ப்பதே பயன்தரும்.

அவர் குருத்துவத்தைத் துறக்கவில்லை. உள்ளே சிதறிக்கொண்டிருந்தபோதும் திருப்பலியையும் கட்டளை செபத்தையும், அதாவது குருக்கள் நாள்தோறும் சொல்லக் கடமைப்பட்ட திருப்புகழ்மாலையையும், தொடர்ந்தார். குகை அனுபவத்தைக் கிறித்தவ மொழியில் சொல்ல முயன்ற அவரது கையெழுத்துப் படியைப் பாரிசிலிருந்த தணிக்கையாளர் 1954இல் ஏற்க மறுத்தபோது, அது அவரை ஆழமாகப் புண்படுத்தியது. ஆயினும் திருச்சபையின் இசைவின்றி அதை வெளியிடும் வழியை அவர் நாடவில்லை. 1955 டிசம்பரில் திருக்கோயிலூர்த் தபோவனத்தில் ஞானானந்த கிரி சுவாமிகளைக் கண்டு, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் சில வாரங்கள் அவரிடம் சீடராக அமர்ந்திருந்தார். குருவும் சீடனும் என்னும் அவரது நூல் அவ்வனுபவத்திலிருந்து பிறந்தது. 1956 இறுதியில் கும்பகோணத்தில் ஒரு மாதத்துக்கும் மேலாக முழு மௌனத்தில் தனித்திருந்தார். தமிழ்க் கத்தோலிக்கர் ஞான ஒடுக்கம் என்று வழங்கும் தனிமைத் தியானத்தின் மிகக் கடுமையான வடிவம் அது. அதிலிருந்தும் விலகுவது என்ற முடிவோடு அவர் வெளிவரவில்லை.

முடிவெடுக்கத் துணியாத கோழைமை என்று இதைச் சிலர் படிக்கிறார்கள்; இரண்டு படகில் கால் வைத்தவர் என்று திருச்சபைக்குள்ளும், முழுமையாக வந்து சேராதவர் என்று வெளியிலும் அவர் விமரிசிக்கப்பட்டதுண்டு. இஞ்ஞாசியாரின் விதியை நினைவில் கொண்டால் படம் மாறுகிறது. குருத்துவத்தை விடுவதா என்று அவர் பல ஆண்டுகள் தம்மையே கேட்டுக்கொண்ட கேள்வி, விதிப்படி, கேட்கத் தகாத கேள்வி. தேர்வுக்கு உரியதல்லாத ஒன்றைத் தேர்வாக்கியதே அவரது வேதனையில் ஒரு பங்குக்குக் காரணம் என்று சொல்வது கடுமையாகத் தோன்றினாலும் பொருத்தமற்றதன்று. இருள் சூழ்ந்த ஆண்டுகளில் அவர் எதையும் மாற்றாதிருந்தது, அறிந்தோ அறியாமலோ, அவ்விதியின் நிறைவேற்றமாகவே அமைந்தது. 1970இல் எழுதிய கடிதம் ஒன்றில், இவ்விரு நம்பிக்கை வடிவங்களையும் எவ்வளவு இழுப்பு இருந்தாலும் விடாமல் தாங்கியபடி விடியலுக்குக் காத்திருப்பதே சிறந்தது என்னும் கருத்தை அவர் தெரிவித்தார். 1953இல் எழுதியிருந்தால் அது தப்பித்தல் ஆகியிருக்கலாம். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தாங்கிய பின் சொன்னதால் அதற்குச் சான்றின் மதிப்பு உண்டு.

அவரிடம் குறை இருந்தது வேறோர் இடத்தில். குகை ஆண்டுகளில் அவருக்கு இரு மரபுகளையும் உள்ளிருந்து அறிந்த ஓர் ஆன்ம வழிகாட்டி கிடைக்கவில்லை; மோன்ஷானினோ நண்பர், எதிர்வாதி, உடன் துறவி என்னும் மூன்று நிலைகளிலும் ஒருசேர இருந்ததால் வழிகாட்டியாக இருக்க இயலாதவர். உள்ளத்தின் புயலெல்லாம் நாட்குறிப்பிலேயே அடித்தது. ஏரோனின் கதையை அறிந்த எவரும் இதைக் கவலையின்றிப் படிக்க முடியாது. அவரை அக்கிணற்றிலிருந்து காத்தவை, நாட்குறிப்பைப் புரட்டும் வாசகர் எளிதில் கவனிக்காதவை: பிரான்சிலிருந்த குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் ஓயாமல் எழுதிய கடிதங்கள், உண்ணவும் உரையாடவும் மக்களோடு மலையடிவாரத்தில் கலந்தது, நகைச்சுவை உணர்வு, மணியடித்தால் எழும் பெனடிக்ட் மடத்து ஒழுங்கு. புனிதத்தின் பெரும்பகுதி இத்தகைய மங்கலான காரியங்களால் ஆனது. ஆன்மிக எழுத்தாளர்கள் அவற்றைச் சொல்லத் தயங்குவது வாசகர் சலிப்படைவர் என்னும் அச்சத்தால்.

பிற்கால வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1960களில் அவர் வாழ்வு உத்தரகாசிக் குடில் பக்கம் சாய்ந்தது. 1968இல் சாந்திவனத்தைப் பீட் கிரிபித்ஸ் அடிகளிடம் ஒப்படைத்தார். 1969இல் பெங்களூரில் நடந்த இன்றைய இந்தியாவில் திருச்சபை என்னும் அனைத்திந்தியக் கருத்தரங்கில் பங்கேற்றுப் பணியாற்றினார். அதாவது, அகன்றுபோனவராக அல்லர், அகத்திலிருந்து கேள்வி எழுப்புபவராகவே இருந்தார். 1973 சூலை 14 அன்று ரிஷிகேசக் கடைத்தெருவில், பேருந்தைப் பிடிக்க ஓடும்போது மாரடைப்பால் விழுந்தார். அந்நிகழ்வையே தம் நெடுந்தேடலின் கண்டடைவாக அவர் பின்னர் கடிதங்களில் விவரித்தார். வாழ்வுக்கும் சாவுக்கும் தொடர்பில்லாத ஒரு விழிப்பு அது என்றும், அதில் பதற்றம் ஏதும் இல்லை என்றும் அவர் உணர்ந்தார். டிசம்பர் 7 அன்று இந்தூரில் மறைந்தார். அவரது இறையியல் முடிவுகள் முழுவதும் ஏற்கத்தக்கவையா என்பதில் கருத்து வேறுபாடு இன்றும் நீடிக்கிறது. கீழை நாட்டுத் தியான முறைகளைக் கிறித்தவர் கையாள்வது பற்றி வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1989இல் வெளியிட்ட மடல், அம்முறைகளில் நன்மை உண்டு என்பதை ஏற்றவாறே, இறைவனோடுள்ள உறவு ஆளற்ற ஆழத்தில் கரைந்துவிடக் கூடாது என்று எச்சரித்தது. மோன்ஷானினின் கவலையும் ஏறத்தாழ அதுவே.

குகையும் மௌனமும் வாய்க்காத பெரும்பாலோருக்கு இதனால் என்ன என்பது அடுத்து எழும் வினா. திருவண்ணாமலையிலேயே அதற்கு ஒரு மறுமுனை உண்டு. டேனிஷ் மிஷன் பள்ளியின் வழியாக இந்நகரத்துத் தலைமுறைகள் அறிந்த லுத்தரன் மரபு, இறைவனின் அழைப்பு மடத்துக்குரியது மட்டுமன்று, செருப்புத் தைப்பவரும் பிள்ளையைத் தாலாட்டும் தாயும் தத்தம் வேலையிலேயே அழைக்கப்பட்டிருக்கிறார்கள் என்னும் மார்ட்டின் லூதரின் போதனையில் ஊன்றியது. துறவற வாக்குறுதிகளை லூதர் சாடிய வேகத்தை ஏற்காதவரும் இதை ஏற்கலாம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் வேறு வழியில் அவ்விடத்துக்கு வந்து சேர்ந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2018இல் எழுதிய புனிதம் பற்றிய திருத்தூது ஊக்கவுரையும், அடுத்த வீட்டில் வாழும் புனிதர்களில் தொடங்கி, தேர்ந்து தெளிதலில் முடிவது தற்செயலன்று.

அவ்வாறு வாழும் ஒருவர், எடுத்துக்காட்டாக, அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர், பதவி உயர்வோடு வரும் தொலைதூர இடமாற்றத்தை ஏற்பதா, முதிய மாமியாரோடு இங்கேயே இருப்பதா என்று தடுமாறுகிறார் எனக் கொள்ளலாம். மணவாழ்வும் மாமியாரைக் காக்கும் கடமையும் தேர்வுக்கு உரியவை அல்ல. அவற்றை எப்படி நிறைவேற்றுவது என்பதே தேர்வுக்கு உரியது. இதைத் தெளிவாகப் பிரித்துவிட்டாலே குழப்பத்தில் பாதி அடங்கிவிடும். வானத்து அடையாளமோ உள்ளத்து ஒளியோ கிடைக்காத வேளைக்கென்றே இஞ்ஞாசியார் அமைதியான ஒரு முறையைத் தந்துள்ளார். இரு வழிகளுக்கும் உரிய நன்மை தீமைகளை எழுதிப் பார்த்தல், முன்பின் அறியாத ஒருவர் இதே சிக்கலோடு வந்தால் என்ன சொல்வோம் என்று எண்ணுதல், சாகும் தறுவாயில் எதைத் தேர்ந்திருக்க விரும்புவோம் என்று எண்ணுதல், பின் அறிவு எப்பக்கம் சாய்கிறதோ அதை இறைவேண்டலில் ஒப்புக்கொடுத்து அவர் உறுதிப்படுத்தக் காத்திருத்தல் என்பன அதில் அடங்கும். அறிவைக் கழற்றி வைத்துவிட்டு இறைத்திருவுளத்தைத் தேட வேண்டும் என்னும் எண்ணத்தை இம்முறை கைவிடச் செய்யும். காரணங்களை எடைபோடும் அறிவும் இறைவன் தந்த கருவியே.

உறுதிப்பாடு பல வேளைகளில் உணர்வாக வருவதில்லை. அதனால்தான் ஆன்ம சோதனை என்னும் இரவு நேரப் பயிற்சி தேர்வோடு முடிவதில்லை. அன்றைய நாளின் நன்மைகளுக்கு நன்றி சொல்லி, எண்ணங்களும் சொற்களும் எங்கே அன்பைக் கூட்டின, எங்கே குறைத்தன என்று மணிக்கு மணி திரும்பிப் பார்த்து, மன்னிப்புக் கேட்டு, மறுநாளுக்குரியதைத் தீர்மானிக்கும் அச்சிறு வழக்கத்தில், எடுத்த முடிவின் கனிகள் வாரங்கள் கழித்தே தென்படத் தொடங்கும். வீட்டில் எரிச்சலும், செபத்தில் மறைப்பும், எடுத்த முடிவை எவரிடமும் பேச விரும்பாத கூச்சமும் தொடர்ந்து மிகுந்தால், மாற்றத்தக்க அம்முடிவை, மனம் அமைதியாயிருக்கும் ஒரு காலத்தில், வழிகாட்டியிடம் மீண்டும் எடுத்துச் செல்ல அவ்வாசிரியைக்குத் தடை எதுவும் இல்லை.